வேர்ட்பிரஸ்: மென்பொருளும் அதைத் தாங்கும் ஆட்களும்

கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு கோயிலோ, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கமோ, சின்ன உணவகமோ அகப்பக்கம் போட வேண்டும் என்று என்னிடம் கேட்டால் பல வருடமாக நான் சொல்வது வேர்ட்பிரஸ்தான். இன்னமும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயங்கள் கூடிக்கொண்டே போகின்றன, ஒவ்வொருவருக்கும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தனித்தனியாக விளக்குவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன, முதலில் அதைத் தெளிவுபடுத்திவிடுவோம். வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் கிடைப்பது அகப்பக்கம் கட்டி நடத்தும் மென்பொருள். அதை இறக்கி, நீங்கள் வாடகைக்கு எடுத்த வழங்கியில் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் கணினியில்) ஏற்றி, இஷ்டம்போல மாற்றிப் பயன்படுத்தலாம், ஒரு சென் கொடுக்க வேண்டாம். வேர்ட்பிரஸ்.காம் என்பது ஆட்டோமாட்டிக் என்ற நிறுவனம் அதே மென்பொருளை வைத்து நடத்தும் சேவை. நான் இங்கே பேசுவது முதலாவதைப் பற்றி. 2003 மே 27 அன்று மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் அதை வெளியிட்டார்கள். அதுவும் வெறுங்கையில் தொடங்கியதில்லை. மிஷேல் வால்ட்ரிகி என்பவர் எழுதி, பிறகு அப்படியே நின்றுபோயிருந்த பி2 என்ற மென்பொருளை எடுத்துத் தொடர்ந்தார்கள். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் அவர் அதை விட்டிருந்ததால்தான் யாரையும் கேட்காமல் தொடர முடிந்தது. இன்று உலகத்து அகப்பக்கங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் இதில் ஓடுகின்றன.

அந்த உரிமம் நம்மைப் போன்றவர்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் ஆலயத்துக்கு ஒரு நிறுவனம் தன் சொந்த அமைப்பில் அகப்பக்கம் கட்டிக் கொடுத்தது, வருடா வருடம் பணமும் வாங்கியது, ஒருநாள் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. கும்பாபிஷேகப் படங்கள், நன்கொடையாளர் பட்டியல், பழைய விழா மலர்கள் எதையும் வெளியே எடுக்க வழியில்லை. வேர்ட்பிரஸில் கட்டியிருந்தால், நிறுவனம் போனாலும் தரவுத்தளத்தையும் கோப்புகளையும் நகலெடுத்து வேறு வழங்கியில் ஏற்றியிருக்கலாம், அடுத்த வாரமே தளம் எழுந்து நின்றிருக்கும். இலவசம் என்பதைவிட எனக்கு இதுதான் பெரிது. கட்டிக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் நிர்வாகிக் கணக்கு, வழங்கிக் கணக்கு, களப்பெயர் (தளத்தின் இணைய முகவரி) மூன்றும் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, பயன்படுத்த எப்படி இருக்கிறது? புதிதாக வருபவர்களுக்கு இப்போதைய தொகுப்பி (பதிவு எழுதும் பகுதி) நன்றாகவே பழகிவிடுகிறது. 2018 டிசம்பர் 6 அன்று வந்த 5.0 பதிப்பில்தான் கூட்டன்பர்க் என்ற கட்டத் தொகுப்பி உள்ளே வந்தது. பத்தி ஒரு கட்டம், படம் ஒரு கட்டம், தலைப்பு ஒரு கட்டம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அன்று அதற்கு வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல, கோபத்தில் சிலர் கிளாசிக்பிரஸ் என்று தனியாகப் பிரித்துக்கொண்டே போனார்கள். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. பள்ளி மாணவர்கள் கட்டங்களை ஒரே மாலையில் பிடித்துக்கொள்கிறார்கள். பல வருடம் பழைய தொகுப்பியில் தட்டச்சு செய்து பழகிய செயலாளர் ஐயாக்களுக்கு அது தொல்லை. அவர்களுக்காகப் பழைய தொகுப்பியைத் திருப்பிக் கொண்டுவரும் செருகுநிரல் (கூடுதல் வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்) இருக்கிறது, தயங்காமல் போட்டுக் கொடுங்கள்.

அதிகம் பேசப்படாத ஒரு நல்ல வசதி: 2016-இல் வந்த 4.7 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பயனரும் தன் நிர்வாகப் பக்கத்தின் மொழியைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டுச் செயற்குழுக்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. தலைவர் தமிழில் பார்ப்பார், பொருளாளர் ஆங்கிலத்தில் பார்ப்பார், இளைஞர் பிரிவுப் பையன் மலாயில் பார்ப்பான், தளம் ஒன்றுதான்.

ஆனால் தமிழில் எழுதத் தொடங்கியதும் இடறும் இடங்கள் இருக்கின்றன. முதலாவது முகவரி. தமிழில் தலைப்புக் கொடுத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும், அதாவது ஒவ்வொரு தமிழ்க் குறியையும் விழுக்காட்டுக் குறியும் எழுத்தும் எண்ணுமாக ஒன்பது இடம் பிடிக்கும் சங்கேதமாக மாற்றிவிடும். தரவுத்தளத்தில் அதற்கு ஒதுக்கியிருப்பதோ 200 இடம். கணக்குப் போட்டால் 22 குறிதான் வருகிறது, அதிலும் 'தி' என்பது த, இகரக் குறி என்று இரண்டாக எண்ணப்படும். 'தைப்பூசத் திருவிழா 2025 அன்னதான ஏற்பாடுகள்' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'அன்ன' என்பதோடு அறுந்து நிற்கும். புலனக் குழுவில் அந்த இணைப்பைப் போட்டால் பல நேரம் அறுபட்ட தமிழ்கூடத் தெரியாது, வெறும் குறிகள் ஐந்தாறு வரிக்கு ஓடும், பெரியவர்கள் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து தொடவே மாட்டார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே தட்டச்சு செய்துவிடுவதுதான் வழி.

அடுத்தது தேடல். உள்ளே வரும் தேடல் வசதி எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்ப்பதோடு சரி. 'சங்கம்' என்று தேடினால் 'சங்கத்தின் ஆண்டுக் கூட்டம்' என்ற பதிவு வராது, ஏனென்றால் 'சங்கத்தின்' என்பதற்குள் 'சங்கம்' இல்லை. வேற்றுமை உருபு ஏறி ஏறிச் சொல் மாறுகிற மொழிக்கு இது பெரிய குறை. 'சங்க' என்று பாதியில் நிறுத்தித் தேடச் சொல்லிக் கொடுக்கலாம், வருகிறவர்கள் எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? விழா மலர்களையும் பழைய ஆண்டறிக்கைகளையும் ஆவணமாக்க நினைப்பவர்கள் வேறு தேடல் செருகுநிரலுக்கு முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளுங்கள். பழைய மலர்கள் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், ஒட்டினால் குப்பையாகத்தான் வரும், அதை வெளியே மாற்றிக்கொண்டு வந்துதான் ஏற்ற வேண்டும். இதில் வேர்ட்பிரஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எழுத்துரு விஷயத்தில் நிலைமை தேறியிருக்கிறது. தளத்தின் தோற்றத்தைத் தரும் வார்ப்புருக்களில் பெரும்பாலானவை தமிழை மனத்தில் வைத்துச் செய்தவை அல்ல, அவற்றின் எழுத்துருவில் தமிழே இருக்காது, அதனால் ஐபோனில் ஒரு முகம், விண்டோஸில் ஒரு முகம், ஆண்ட்ராய்டில் இன்னொரு முகம் என்று தளம் ஆளுக்கு ஒரு மாதிரி தெரியும். 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பில் எழுத்துரு நூலகம் என்று ஒன்று சேர்த்தார்கள். அதன் வழியாகக் கூகுளின் எழுத்துருக்களிலிருந்து கேட்டமரன், முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ தமிழ் போன்றவற்றை உங்கள் தளத்திலேயே நிறுவிக்கொள்ளலாம், நிரல் எழுதத் தெரிய வேண்டாம். நிறுவியதும் தலைப்புகளின் வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஆங்கிலத்துக்கு வைத்த நெருக்கத்தில் மேல் வரியின் உகரக் கொக்கி கீழ் வரியின் இகரக் கொம்பில் போய் இடிக்கும்.

மலேசியாவில் எனக்கு நிஜமாகவே வருத்தம் தருவது பன்மொழி. ஒரு தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். ஒரே பதிவை மூன்று மொழியில் வைத்துக்கொள்ளும் வசதி வேர்ட்பிரஸின் மையத்தில் இன்றுவரை இல்லை. கூட்டன்பர்க் திட்டத்தின் நான்காம் கட்டம் அதுதான் என்று 2018 முதல் சொல்லி வருகிறார்கள். இதே மாதிரி இன்னொரு மென்பொருளான ட்ருபால் 2015-இல் வந்த எட்டாம் பதிப்பிலேயே இதை மையத்தில் கொடுத்துவிட்டது, ஜூம்லாவிலும் உண்டு. வேர்ட்பிரஸில் பாலிலாங் மாதிரி ஒரு செருகுநிரலை நம்பித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. பாலிலாங் நல்ல செருகுநிரல், நான் பல தளத்தில் போட்டிருக்கிறேன், ஆனால் மூன்று மொழி நாட்டில் இது கூடுதல் வசதி இல்லை, அடிப்படைத் தேவை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. இந்த மென்பொருளின் தரம் நிரலில் மட்டும் இல்லை, அதைத் தூக்கிப் பிடிக்கும் ஆட்களிடம் இருக்கிறது. நிர்வாகப் பக்கத்தில் வேர்ட்பிரஸ் சின்னத்தைத் தட்டி உள்ளே போனால் பங்களித்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வரும், ஒருதரம் போய்ப் பாருங்கள், ஒரு பெரிய பதிப்புக்குப் பின்னால் பல நூறு பேர் இருக்கிறார்கள். நிரல் எழுதுபவர்கள் மட்டுமில்லை. வடிவமைப்பு, ஆவணம், அணுகல்தன்மை, சோதனை, பயனர் உதவி, மொழிபெயர்ப்பு என்று தனித்தனிக் குழுக்கள். நாம் பயன்படுத்தும் தமிழ் இடைமுகம் அந்த மொழிபெயர்ப்புக் குழு தந்தது.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் திரையில் ஏன் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் தெரிகிறது என்பது புரிந்துவிடும். மென்பொருளில் வரும் ஒவ்வொரு வரியும் க்ளாட்பிரஸ் என்ற கருவியில் தனித்தனியாகக் கிடக்கும். வேர்ட்பிரஸ்.ஆர்க் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் ஒரு வரிக்குத் தமிழ் எழுதி அனுப்பலாம். அனுப்பியது காத்திருப்பில் நிற்கும், அந்த மொழிக்கோ அந்தச் செருகுநிரலுக்கோ பொறுப்பான தொகுப்பாளர் பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் உள்ளே போகும். ஒரு செருகுநிரலின் வரிகளில் 90 விழுக்காடு முடிந்தால்தான் அதற்கு மொழிப்பொதி உருவாகி நம் தளத்துக்கு வந்து சேரும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் புதிய வரிகள் வரும், அவற்றுக்கு ஆள் உட்காரும்வரை அவை ஆங்கிலத்திலேயே நிற்கும். தொகுப்பாளர்கள் குறைவாக இருந்தால் அனுப்பியவர் மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு மனம் விட்டுப் போய்விடுவார். இந்த அமைப்பின் பலவீனமான கணு அதுதான், சின்ன மொழிக் குழுக்களில் அது ரொம்ப வலிக்கிறது. ஒரே பொத்தானுக்கு ஒரு செருகுநிரலில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர் என்று வருவதும் ஆள் பற்றாக்குறையின் விளைவே.

வேலை லேசானது என்று நினைத்து வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில வரியின் நடுவே பெயருக்கும் தேதிக்கும் இடக்குறி விட்டிருப்பார்கள். தமிழில் வரிசை தலைகீழாகும், அதனால் இடக்குறிகளுக்கு எண் போட்டு மாற்றி அடுக்க வேண்டும். அதைவிடச் சிக்கல் உருபு. 'கூட்டம்' என்ற பக்கத்தை நீக்கும்போது மென்பொருளுக்குத் தெரிந்தது வெறும் பெயர் மட்டும்தான், 'கூட்டத்தை' என்று சாரியை சேர்க்க அதற்குத் தெரியாது. அவசரத்தில் மொழிபெயர்த்தால் 'கூட்டம்-ஐ நீக்கவா?' என்று ஒட்டுப்போட்ட தமிழ் வரும். அனுபவப்பட்டவர்கள் வாக்கியத்தையே திருப்பி, 'நீக்கப்படும் பக்கம்: கூட்டம்' என்று எழுதிவிடுவார்கள். இப்படி ஆயிரக்கணக்கான வரிகளில் யோசித்து உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

வேர்ட்பிரஸில் தமிழுக்கு இரண்டு பிரிவு இருக்கிறது, பொதுவாக எல்லாரும் எடுக்கும் இந்தியத் தமிழ், அப்புறம் இலங்கைத் தமிழ். மலேசியாவுக்குத் தனியாக இல்லை. தனியாக வேண்டும் என்றும் நான் கேட்கமாட்டேன், இருக்கிற ஆட்களை மூன்றாகப் பிரித்தால் மூன்றும் பாதியில் நிற்கும். நாம் போய் இருக்கிற குழுவில் சேர்வதுதான் நல்லது. நான் பார்த்தவரை மலேசியத் தமிழர்களின் பெயர் அங்கே அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது, அது எனக்கு உறுத்துகிறது. 1985-லேயே முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் இந்த ஊர்க்காரர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு நடந்தது இதே கோலாலம்பூரில். கணினித் தமிழுக்கு இவ்வளவு செய்த மண்ணிலிருந்து, நாம் தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளுக்கு மாலை நேரத்தில் பத்து வரி மொழிபெயர்க்க ஆள் வராமல் இருக்கலாமா?

இந்தச் சமூகம் வெளியாட்களை எப்படி நடத்துகிறது என்று கேட்டால், நன்றாகவே. 2023 பிப்ரவரியில் பேங்காக்கில் வேர்ட்கேம்ப் ஆசியா என்ற வேர்ட்பிரஸ் சமூக மாநாடு முதன்முறையாக நடந்தது. 2020-இலேயே நடக்க வேண்டியது, கொரோனாவால் ரத்தானது. அதன் முதல் நாள் முழுக்கப் பங்களிப்பாளர் தினம். மேசைக்கு ஒரு குழு, எதுவும் தெரியாமல் போய் உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர் கணக்குத் திறப்பதிலிருந்து சொல்லிக்கொடுப்பார். மொழிபெயர்ப்பு மேசையில் தாய், இந்தோனேசியம், ஜப்பானியம் என்று எல்லாரும் அவரவர் வரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், இடக்குறிப் பிரச்சினை எல்லா மொழிக்கும் பொதுவென்று அங்கேதான் பார்த்தேன். பிறகு தைப்பே, மணிலா என்று அந்த மாநாடு ஆசியாவுக்குள்ளேயே சுற்றி வந்தது, நமக்கு விமானச் சீட்டு பெரிய செலவில்லை. மொழியும் நிரலும் வேண்டாம் என்பவர்களுக்கு, தாங்கள் எடுத்த படங்களை ஏற்ற வேர்ட்பிரஸின் புகைப்படத் தொகுப்பு இருக்கிறது. உரிமையைப் பொதுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், ஆள் முகம் தெரியக்கூடாது, தன்னார்வலர் பார்த்து ஏற்றுக்கொண்டதும் உலகத்தில் யாரும் பயன்படுத்தலாம். தண்ணீர்மலைக் கோயில் படியும் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையும் அதில் ஏற வேண்டிய படங்கள்.

எல்லாம் அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை. 2024 செப்டம்பரில் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற வழங்கி நிறுவனத்துக்கும் மோதல் வந்தது. திட்டத்துக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை, வணிகப் பெயரைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அதோடு நிற்காமல் அந்த நிறுவனம் வேர்ட்பிரஸ்.ஆர்க்கை அணுகுவதையே அடைத்தார், அங்கே தளம் வைத்திருந்த சாதாரண மக்களுக்குச் செருகுநிரல் புதுப்பிப்பு நின்றது. அக்டோபரில் அந்த நிறுவனத்தின் பிரபலமான செருகுநிரலின் பக்கத்தையே எடுத்து வேறு பெயரில் நடத்தத் தொடங்கினார்கள். டிசம்பர் 10 அன்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் பழைய நிலை திரும்பியது. இடையில் விமர்சித்த சில பங்களிப்பாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. 2025 ஜனவரியில் முல்லன்வெக்கின் நிறுவனமான ஆட்டோமாட்டிக் தன் ஊழியர்கள் இந்தத் திட்டத்துக்குக் கொடுத்துவந்த நேரத்தைப் பெருமளவு வெட்டியது, மே கடைசியில் திரும்ப வருவதாக அறிவித்தது.

டபிள்யூபி எஞ்சின் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கலாம். நிறுவனங்கள் தங்கள் வளத்தில் 5 விழுக்காட்டைத் திட்டத்துக்குத் தர வேண்டும் என்று 2014 முதலே அவர் சொல்லி வருகிறார், அதை நான் முழுக்க ஆதரிக்கிறேன். ஆனால் உலகத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தளங்கள் புதுப்பிப்புக்கு நம்பியிருக்கும் ஓர் இடத்தின் சாவி ஒரே மனிதரிடம் இருப்பதும், கோபத்தில் அதை அவர் பூட்டுவதும் சரியில்லை. இதற்குப் பதிலாக 2025 ஜூனில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஃபேர் என்ற முயற்சி தொடங்கியது, செருகுநிரல்களை ஒரே இடத்தை நம்பாமல் பல வழிகளில் விநியோகிப்பதற்கு. அப்படி ஒரு மாற்று எழ முடிந்ததற்கும் காரணம் அதே ஜிபிஎல்தான்.

பாதுகாப்பைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். மையப் பகுதி தன் சிறு திருத்தங்களை 2013 முதல் தானே போட்டுக்கொள்கிறது, ஓட்டைகள் பெரும்பாலும் செருகுநிரல்களில்தான். குறைவாக வையுங்கள், பயன்படுத்தாததை அழித்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய வார்ப்புருவைத் திருட்டு நகலாக 'இலவசமாக'ப் போட்டுத் தருகிறேன் என்பவரைக் கிட்டவே சேர்க்காதீர்கள், அதற்குள் என்ன புதைத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒரே மொழியில் கட்டுரை மட்டும் எழுதப் போகிறீர்கள், மின்னஞ்சலில் சந்தாதாரருக்கு அனுப்ப வேண்டும் என்றால் கோஸ்ட்டைப் பாருங்கள், அதுவும் திறமூலம்தான், இதைவிட இலகு. உணவகம் நடத்துகிறீர்கள், பட்டியலும் தொலைபேசி எண்ணும் தெரிந்தால் போதும் என்றால் வேர்ட்பிரஸே அதிகம், பராமரிக்க ஆள் இல்லாமல் பழசாகிக் கிடக்கும் தளம் வாடிக்கையாளருக்கு ஆபத்து. விழா, அறிவிப்பு, படத்தொகுப்பு, ஆவணம் என்று வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும்தான் நான் இதைப் பரிந்துரைக்கிறேன். வழங்கி வாடகையும் களப்பெயரும் சேர்த்து ஆண்டுக்குச் சில நூறு ரிங்கிட்டில் முடித்துவிடலாம், மாதம் ஒருமுறை உட்கார்ந்து புதுப்பித்துக் காப்பு நகல் எடுக்கப் பொறுப்பான ஓர் ஆள் மட்டும் கட்டாயம் வேண்டும்.

செயற்குழுவில் முடிவெடுக்கும் முன் தொட்டுப் பார்க்க விரும்பினால் வேர்ட்பிரஸ் ப்ளேகிரவுண்டைத் திறங்கள், எதையும் நிறுவாமல் உலாவிக்குள்ளேயே முழு வேர்ட்பிரஸ் ஓடும். அமைப்பில் மொழியைத் தமிழ் என்றும் நேரத்தைக் கோலாலம்பூர் என்றும் மாற்றிவிட்டு ஒரு பதிவு எழுதிப் பாருங்கள். திரையில் ஆங்கிலமாக நிற்கும் வரி ஏதாவது கண்ணில் பட்டால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், தமிழ் மொழிபெயர்ப்புப் பக்கத்தில் தேடினால் அந்த வரி அங்கே காலியாகவோ காத்திருப்பிலோ கிடைக்கும், காலியாக இருந்தால் நீங்களே எழுதி அனுப்பலாம்.